மிச்சக் கான்கிரீட்

கருவடிக்குப்பம், புதுச்சேரி
9.2.2025

அகண்ட தென்னிந்திய நஷ்டஈட்டுச் சாம்ராஜ்யத்தின் பட்டத்தரசியும் என் அக்கா மகளுமாகிய சிந்துஜாவுக்கு,

கண்ணையன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் ராஜாம்பாள் அத்தை என்னைவிட நலம். வீட்டுக்கு வரும் நலத்தில் முக்கால் பங்கை அவளே எடுத்துக்கொள்கிறாள். சென்னையில் நீயும் உன் இன்ஷூரன்ஸ் ஆபீசும் சௌக்கியமா?

போனில் பேசக்கூடாதா என்று கேட்பாய். மில் தறிகள் முப்பது வருஷத்தில் என் காதைத் தின்று தீர்த்தது நீ அறிந்ததே. வாட்ஸ்அப் இருப்பது அத்தையின் போனில். அதில் ஒரு மனிதன் சுதந்திரமாகப் புளுக முடியுமா? ஆகவே தபால்.

இப்போது சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்பாதே. நம்பினால் மாமனின் மரியாதை என்ன ஆவது?

நம் கிணற்றடி வீதி மெயின் ரோட்டில் போய்ச் சேரும் வளைவு உனக்குத் தெரியும். அந்த முனையில்தான் ஜான்-பத்திஸ்த் முசே வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறாரே, அவர்தான். அவர் வீட்டு மதில் ஆள் உயரம். மேலே காகிதப்பூ வேறு. வருகிறவருக்குப் போகிறவர் தெரியாது. அதனால் அந்த வளைவில் நாளொன்றுக்குச் சராசரி நாலாயிரம் பேர் விழுகிறார்கள். விழுந்தவர் எழுவதற்குள் அடுத்தவர் மேலே விழுவதால் போன மாதம் குவியல் மாடி உயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் இருந்தவர் அப்படியே முசேயின் மொட்டை மாடியில் இறங்கி, காப்பி குடித்துவிட்டு, படி வழியாக வீட்டுக்குப் போனார். (அத்தையின் கணக்குப்படி மாதத்துக்கு மூன்று பேர். சிராய்ப்பு, வீக்கம், ஒருவருக்கு இரண்டு பல்.)

சும்மா இருக்க முடியுமா? ‘கிணற்றடி வீதி அடிபடாதோர் சங்கம்’ தொடங்கினோம். தலைவர் முசே. செயலாளர், பொருளாளர், கொள்கை பரப்பு எல்லாம் நான். வேகத்தடை கேட்டு மனு எழுதிக்கொண்டு சாலை ஆபீசுக்குப் போனோம். மேஜையில் இருந்தவர் நல்ல மனுஷன். படித்துவிட்டுக் கேட்டார்:

“எத்தினி பேரு செத்தாங்க?”

“யாரும் சாவலைங்க.”

“கை காலு போச்சா?”

“ரெண்டு பல்லு போச்சு.”

“பல்லு கணக்குல வராதுங்க. மூணு வருசத்துல இத்தினி சாவு, இத்தினி பெரிய அடின்னு இருந்தாத்தான் லிஸ்டுல ஏறும்.”

முசேக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு வரும். “அலோர்! செத்துட்டு வந்து மனு குடுக்கணுமா?”

“நீங்க வர வேணாம் சார். வாரிசு வந்தா போதும்.”

திரும்பி வந்துவிட்டோம். இரண்டாவது மனுவைக் கனமாக எழுதப்போகிறேன். அதற்கு உன் தயவு வேண்டும். அடிபட்டவர்களுக்குப் பணம் கணக்குப் போடும் மேஜையில் நீ உட்கார்ந்திருக்கிறாய். நம் வட்டாரத்தில் ஒரு கால் என்ன விலை போகிறது? எழுது.

இப்படிக்கு,
சங்கத்தின் மற்ற அனைத்துப் பதவிகளும்,
கண்ணையன்


சென்னை
19.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அம்மா உங்களை மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னாள்.

கால் விலை கேட்டிருந்தீர்கள். புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் மூன்று ஊர்க் கோப்புகளும் என் மேஜைக்குத்தான் வருகின்றன. மோதின வண்டிக்கு எங்களிடம் பாலிசி இருந்தால் அடிபட்டவருக்கு நாங்கள் கொடுக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து நாலைந்து மாதம் வேலைக்குப் போக முடியாதவருக்கு, நான் பார்த்த வரையில், இரண்டரை மூன்று லட்சம் தீர்ப்பாகிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு வரி, போன கூலிக்கு ஒரு வரி, ஆட்டோவுக்கு ஒரு வரி, பால் பழத்துக்கு ஒரு வரி, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கு ஒரு வரி. வலிக்கும் ஒரு வரி இருக்கிறது மாமா. சேர்ந்த புதிதில் அந்த வரியில் கம்ப்யூட்டரில் தொகையைத் தட்ட எனக்குக் கை வரவில்லை. இப்போது வந்துவிடுகிறது.

ஒரு காலுக்குக் கொடுக்கிற பணத்தில் ஒழுங்கான வேகத்தடை ஆறேழு போடலாம். இதை மனுவில் தாராளமாக எழுதுங்கள்.

ஆனால் நீங்களே போட்டுவிடாதீர்கள். ஏறுவதற்குச் சரிவு, கண்ணில் படுகிற வெள்ளை வர்ணம், முன்னாலேயே ஒரு பலகை, மூன்றும் வேண்டும். இல்லையென்றால் அது வேகத்தடை இல்லை. கவிழ்த்து வைத்த பள்ளம்.

அன்புடன்,
சிந்துஜா


கருவடிக்குப்பம்
16.3.2025

பேரரசி சிந்துஜாவுக்கு,

மாமன் நலம், அத்தை நலம், வீதி மகா நலம். உன் உடம்பு எப்படி? ஆபீசில் ஏசி போட்டுச் சளி பிடிக்க வைக்கிறார்களா?

இரண்டாவது மனுவுக்கும் பதில் இல்லை. ஆனால் காரியம் முடிந்தது! எப்படி என்று கேள்.

போன வாரம் முசே மேல்மாடிக்குக் கூரை போட்டார். கூரை போடும் நாள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கலவை மிஷின் உறுமுகிறது, இருபது பேர் வரிசையாக நின்று சட்டி கைமாற்றுகிறார்கள், அண்டாவில் பிரியாணி கொதிக்கிறது. எந்த மேஸ்திரியும் கூரைக்குக் கணக்காகக் கலந்ததாகச் சரித்திரம் கிடையாது. மிஞ்சும். மிஞ்சியதை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். அதில் சிலர் வாசல்படி வைப்பார்கள், சிலர் துணி துவைக்கக் கல் போடுவார்கள். நம் பக்கத்து வீதிகளில் இருக்கும் மேடுகளில் பாதி, யாரோ ஒருவர் வீட்டுக் கூரையின் மிச்சம்தான்.

முசே வீட்டில் முப்பது சட்டி மிஞ்சியது. மேஸ்திரி பிரியாணியில் இருந்தார். “கொட்டுங்கடா வளைவுல!” என்று நான் கட்டளையிட்டேன். கரண்டியைக் கையில் எடுத்தேன். மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு ஒரு மேடு பெரிய காரியமா?

அதன் உயரத்தை எப்படிச் சொல்வேன்! இமயத்துக்கு அடுத்தபடி இதுதான். உச்சியில் ஏறி நின்றால் வீராம்பட்டினம் கடற்கரை தெரிகிறது. குதிகாலைத் தூக்கினால் காரைக்கால் தெரிகிறது. கழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் பாரிஸில் முசேயின் மகள் சபின் துணி காயப்போடுவது தெரிகிறது. நேற்று மேகம் ஒன்று முட்டிக்கொண்டு அங்கேயே மழை பெய்துவிட்டது. வண்டிகள் எல்லாம் அடிவாரத்தில் நின்று, சாப்பாடு கட்டிக்கொண்டு, மூன்று நாள் பயணமாக ஏறி இறங்குகின்றன. இந்த ஒரு வாரத்தில் விழுந்தவர் பூஜ்யம்.

உன் அத்தை மட்டும் “இன்னாங்க இது, சொவரு மாதிரி நிக்குது? வெள்ளையாச்சும் அடிங்க” என்றாள். பெயின்ட் டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அடித்துவிடுவேன்.

வெற்றிக் களிப்புடன்,
கண்ணையன்


சென்னை
24.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பாரிஸ் தெரிகிற கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு ஸ்கேலை வைத்து அளந்து எழுதுங்கள்: எவ்வளவு உயரம், ஏறுகிற பக்கம் எவ்வளவு நீளம்? வெள்ளை அடித்துவிட்டீர்களா? இந்த மூன்று பதிலும் வந்தால் போதும். கதை அடுத்த கடிதத்துக்கு இருக்கட்டும்.

அத்தைக்கு என் அன்பு.

சிந்துஜா


சென்னை
28.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. அத்தைக்கு நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் “மாமா வெளிய போயிருக்காரு” என்றாள். நீங்கள் வெளியே எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் குழம்பு அடிப்பிடிக்கிறது என்று வைத்துவிடுகிறாள். நாலு தடவையும் குழம்பு.

உடம்புக்கு ஏதாவதா? ஒரு வரி போதும்.

சிந்துஜா


கருவடிக்குப்பம்
11.5.2025

அன்பு சிந்துவுக்கு,

நலம். அத்தையும் நலம். வெயில் அதிகம் என்பதால் பேனா மை வற்றிவிட்டது. வேறு காரணம் இல்லை.

தவளக்குப்பத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். உனக்குத் தெரியாது. அவருக்கு ஒரு சந்தேகம். அந்த ஊரில் ஒரு ஆள் மொபெட்டில் ஆறு தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு வந்தானாம். ஒரு வேகத்தடையில் வண்டி ஏறியது. ஏறிய வண்டி வானத்துக்கே போய்விட்டது. ஆறு கேனும் ஆறு திசையில் பறந்து, ஆறு ஊரில் மழை. அவன் இறங்கும்போது மட்டும் இடது கால் வண்டிக்குக் கீழே மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும்.

அந்த மாதிரி ஆளுக்கு எந்த இன்ஷூரன்ஸ் கொடுக்கும் என்று நண்பர் கேட்கிறார். வேகத்தடையை யார் போட்டார்கள் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம்.

மறுதபாலில் எழுது. நண்பர் அவசரப்படுகிறார்.

மாமா


சென்னை
16.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுதுகிறேன்.

உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: இன்னொரு வண்டி மோதியிருந்தால் அந்த வண்டியின் பாலிசி கொடுக்கும். எதிரே வண்டியே இல்லாமல் தானாக விழுந்தால் யாரும் கொடுக்கமாட்டார்கள். அவருடைய சொந்தப் பாலிசியில் உயிர் போனால் உண்டு, கையோ காலோ ஒரேயடியாகப் போனால் உண்டு. எலும்பு முறிந்து கூடிவிட்டால் ஒன்றும் இல்லை. இப்படித் திருப்பி அனுப்பிய கோப்புகள் என் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.

மாமா, நம் வீதிக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் அன்பழகன் அண்ணன். போன பொங்கலுக்கு வந்தபோது என் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை மொபெட்டில் கொண்டுவந்து விட்டார். வாடகை வாங்கவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களே எழுதுவீர்கள்.

சிந்துஜா


கருவடிக்குப்பம்
1.6.2025

சிந்து,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இன்று இல்லை. இருந்தாலும் பழக்கம்: நீ நலமா?

தவளக்குப்பத்தில் எனக்கு நண்பர் கிடையாது.

ஏப்ரல் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறரை. அன்பழகனுக்கு வளைவு பழக்கம்தான். மேட்டைக்கூடத் தினம் தாண்டினவன்தான்; அன்று ஆறு கேன் கனத்தோடு மேட்டில் மோதிவிட்டான். கூரைக்கலவை ஆயிற்றே, அசையாமல் நின்றது. வெள்ளை அடிக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து போனது. ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு யாரிடமாவது அந்த மேட்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

அவன் கீழே கிடந்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னான்: “நான்தான் பெரியப்பா கவனிக்கல.” நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்று மாலையே சங்கம் கூடியது. மேடு எப்போதும் அங்கே இருப்பதுதான், யார் போட்டதென்று தெரியாது என்று பேசி வைத்துக்கொண்டோம். முசே தலையைக் குனிந்துகொண்டு, சரி என்பதற்கு பிரெஞ்சில் “போன்” என்றார். அவ்வளவுதான்.

அறுபத்துமூன்று வீட்டுக்குக் கேன் போடுகிறவன். இரண்டு மாதமாகப் படுக்கை. வேறொரு ஆள் வீதிக்குள் கேன் கொண்டுவர ஆரம்பித்துவிட்டான். வாடிக்கை போனால் திரும்ப வராது. அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நகையை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்கு எடுத்துப் போகிறாள்.

இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. அஞ்சலாட்சியின் தம்பி பிரேம்குமார் கோர்ட்டுப் பக்கம் சுற்றுகிறவன். வந்து சொன்னான்: “மாமா, உங்க ஸ்கூட்டருக்கு இன்ஷூரன்ஸ் கீதுல்ல? நீங்க இடிச்சதா ஒரு கம்ப்ளைன்ட் குடுக்கறேன். ‘ஆமாங்க, இடிச்சிட்டேன்’னு நீங்க ஒத்துக்கினா போதும். ஃபைன் கட்டிட்டு வந்துடலாம். எங்க அன்பு மாமனுக்கு மூணு லட்சம் கம்பெனி குடுத்துடும். யாருக்கு நஷ்டம்?”

ஒத்துக்கொண்டேன் சிந்து. இத்தனை வருஷம் காசு பெறாத புளுகு புளுகினேன். ஒரு புளுகாவது ஒரு குடும்பத்துக்குச் சோறு போடட்டும். வருகிற இருபதாம் தேதி ஸ்டேஷனுக்குப் போகிறேன். காரசாரமான கதை தயார்: நான் எண்பதில் வந்தேன், அவன் கையைக் காட்டினான், பிரேக் பிடிக்கவில்லை.

என் ஸ்கூட்டர் பாலிசி உங்கள் கம்பெனியில்தான். கோப்பு உன் மேஜைக்கு வருமாம். வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள். மாமன் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

கண்ணையன்


சென்னை
6.6.2025

மாமாவுக்கு,

நான் நலம். அம்மா நலம்.

கோப்பு என் மேஜைக்கு வந்தால், வண்டிக்காரர் என் தாய்மாமன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வேன். பக்கத்து மேஜைக்காரர் எடுப்பார். அவர் முதலில் கேட்பது, அன்பழகன் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எழுதிய முதல் சீட்டு. அதில் என்ன எழுதியிருக்கும்? மேட்டில் ஏறி விழுந்தார் என்று அவரே தன் வாயால் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு இது பொய் மனு என்று நாங்கள் வழக்குப் போடுவோம். உங்கள் மேல் மட்டும் இல்லை. கால் ஒடிந்து படுத்திருக்கிறாரே, அவர் மேலும். அந்தக் கம்ப்ளைன்டில் இருக்கப்போவது அவருடைய கையெழுத்து.

யாருக்கு நஷ்டம் என்று பிரேம்குமார் கேட்டாராம். நிஜமாக மோதப்பட்டு, நிஜமாகக் கால் போன ஒருவர் மனு கொடுக்கும்போது, இதுவும் அந்த மாதிரிதானோ என்று நான் இரண்டு மாதம் தாமதிக்கிறேன். அவருக்கு நஷ்டம். அப்படி ஆறு பேர் இப்போது என் மேஜையில் காத்திருக்கிறார்கள்.

நீங்கள் ஸ்டேஷனில் சொல்லப்போகிற கதையில் எண்பது பொய், பிரேக் பொய், ஸ்கூட்டர் பொய். ஒன்றுதான் நிஜம்: அவர் கால் உங்களால் ஒடிந்தது. அதைச் சொல்வதற்கு ஸ்கூட்டர் எதற்கு மாமா?

அத்தைக்கு என் அன்பு. உங்களுக்கு உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு.

சிந்துஜா


கருவடிக்குப்பம்
13.7.2025

அன்பு சிந்துவுக்கு,

நீ நலமா? ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. இந்த முறை மை வற்றவில்லை; நேரம் இல்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இருபதாம் தேதி ஸ்டேஷனுக்குப் போனேன். பிரேம்குமார் பக்கத்தில் நிற்கிறான். ரைட்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு “சொல்லுங்க பெரியவரே, எப்படி இடிச்சீங்க?” என்றார். வாயைத் திறந்தேன். எண்பது என்று சொல்ல வரவில்லை. “வண்டியே வரலைங்க. கூரை போட்ட கான்கிரீட்டு மிஞ்சிச்சி, நான் ரோட்டுல கொட்டி மேடு போட்டேன், அதுல உழுந்தான்” என்றேன்.

ரைட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யோவ் பெரியவரே, கதை விடாதய்யா. வூட்டுக்குப் போ.” வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டேஷனில் உண்மை பேசினேன்; அதைத்தான் அவர் நம்பவில்லை! பிரேம்குமார் வாசலில் என்னை என்னவெல்லாம் சொன்னான் என்று எழுத மாட்டேன். நீ சின்னப் பெண்.

அங்கிருந்து நேரே அன்பழகன் வீட்டுக்கு. பழம் வாங்கவில்லை. அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். அஞ்சலாட்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். “அன்பு, அந்த மேடு நான் போட்டது.”

முறத்தைக் கீழே வைக்காமல் அஞ்சலாட்சி பேசினாள்.

“தெரியும் மாமா. நீங்க கரண்டி புடிச்சதை வாசல்ல நின்னு பாத்துக்கினுதான இருந்தேன்.”

“தெரிஞ்சா ஏம்மா கேக்கல?”

“ஆறு தடவ பழம் வாங்கிக்கினு வந்தீங்க. ஆறு தடவையும் இவருக்குக் கதை சொல்லி சிரிக்க வெச்சிட்டுப் போனீங்க. இன்னைக்குச் சொல்லுவீங்க, இன்னைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. அன்பழகன் கேட்டான்: “பிரேம்குமாரு குடுத்த அந்தக் கையெழுத்துப் பேப்பர இன்னா பெரியப்பா பண்றது?”

“கிழிச்சுடு.”

“அப்ப கேனு?”

அதுதான் கேள்வி. மூன்று லட்சம் எனக்கு ஏது? முசேயிடம் போய் எல்லாம் சொன்னேன். கூரை அவருடையது, கலவை அவருடையது, மௌனமும் அவருடையது. மனுஷன் அஞ்சலாட்சியிடம் ஆஸ்பத்திரி பில்லைக் கேட்டு வாங்கி, இரண்டு மாதப் பென்ஷனில் கட்டிவிடுவதாக எழுதிக் கொடுத்தார். என்னிடம் இருப்பது உடம்பு மட்டும். ஆகவே மறுநாளிலிருந்து அறுபத்துமூன்று வீட்டுக்கும் நான்தான் கேன் போடுகிறேன், அவன் மொபெட்டில். வரும்படி அஞ்சலாட்சி கைக்கு. கைவிட்டுப் போயிருந்த பதினெட்டு வீட்டையும் திரும்பப் பிடித்துவிட்டேன். இதற்குத்தான் நேரமில்லை என்றேன். ஒன்றும் மிகைப்படுத்தவில்லை, இடுப்பு மிகைப்படுத்துகிறது.

மேட்டை உடைக்க இரண்டு நாள் ஆயிற்று. கடப்பாரை வளைந்தது. உன் அத்தை சொன்னாள்: “மொத்த வாழ்க்கையில உருப்படியா ஒண்ணு கட்டினீங்க, அதையும் ஒடைக்க வேண்டியதாப் போச்சு.”

இனி வளைவுக்கு என்ன செய்யலாம்? நீ சொல்வதைக் கேட்கிறேன்.

கண்ணையன்


சென்னை
20.7.2025

அன்புள்ள மாமாவுக்கு, அத்தைக்கு, அன்பழகன் அண்ணன் வீட்டாருக்கும்,

நலம். உங்கள் இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் தைலமும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவைக்கு இரண்டு கேனுக்கு மேல் கட்டாதீர்கள்.

வளைவில் விழுகிறவர்கள் வேகத்தால் மட்டும் விழுவதில்லை. எதிரே வருவது தெரியாமல் விழுகிறார்கள். முசேயின் மதிலை முனையில் பத்தடிக்கு முழங்கால் உயரமாகக் குறைத்தால் இரண்டு பக்கமும் தெரியும். கான்கிரீட்டே வேண்டாம். காகிதப்பூவை அவர் விடுவாரா என்பதுதான். சாலை ஆபீசுக்கும் மறுபடி போங்கள். இப்போது உங்களிடம் ஒரு பெரிய அடி கணக்கில் இருக்கிறது. எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அவர்கள் புத்தகத்தில் அதுதான் எண்ணிக்கை.

மாமா, போன கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆபீசில் வலிக்கான வரியில் தொகை தட்டும்போது அன்று கை நின்றுவிட்டது. பரவாயில்லை என்று அப்படியே நிற்கவிட்டேன்.

நிறைய அன்புடன்,
சிந்துஜா


கருவடிக்குப்பம்
14.9.2025

முப்பெரும் மாவட்டக் கால்களின் காவல் தெய்வமாகிய சிந்துஜாவுக்கு,

மாமன் இரும்பு நலம். அத்தை எஃகு நலம். உன் பெல்ட்டைக் கட்டியதும் இடுப்பு இருபது வயதுக்குத் திரும்பிவிட்டது. மற்ற உறுப்புகள் பொறாமையில் பேசுவதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

முதலில் வீதிச் செய்தி. பத்தடி கேட்டதற்கு முசே ஆறடி கொடுத்தார். மதிலை உடைக்கும்போது காகிதப்பூவுக்கு பிரெஞ்சில் இரங்கல் உரை நிகழ்த்தினார். பாரிஸில் கொடி அரைக்கம்பத்தில் பறந்ததாகக் கேள்வி. சாலை ஆபீசில் மனுவை வாங்கி நம்பர் போட்டிருக்கிறார்கள். நம்பர் என்ன என்று சொன்னால் மயங்கி விழுவாய். வானத்து நட்சத்திரங்களுக்கு அடுத்த எண். நம் முறை வரும்போது உன் பேரப்பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். போன மாதம் வளைவில் விழுந்தவர் ஒரே ஒருவர், அதுவும் முசே, தன் செங்கல் மேலேயே தடுக்கி.

அடுத்து என் தொழில். ஒரு கையில் பதினெட்டு கேன், மறு கையில் பத்தொன்பது, பல்லில் ஒன்று. மூன்றாம் மாடிக்கு வீசி எறிகிறேன். அவர்கள் பானைக்குள்ளேயே போய் விழுகிறது. தண்ணீர் தீர்ந்துபோனால் கடலில் கேனை முக்கி, ஒரு தடவை முறைத்துப் பார்ப்பேன், உப்பு பயந்துபோய்த் தனியாக வந்துவிடும்.

கடைசியாக அன்பழகன். வெள்ளிக்கிழமை காலை கட்டிலை விட்டுத் துள்ளினான் பார்! கைத்தடியை வீசினான், அது வீராம்பட்டினத்தைத் தாண்டிக் கடலில் விழுந்து, மீன் பிடிக்கப் போனவர்கள் சுறா என்று வலை போட்டார்கள். ஓடினான் சிந்து, ஓடினான்! கடலூர் பஸ்ஸை முந்தினான். கண்டக்டர் எட்டிப் பார்த்து “டிக்கெட் வேணாம், மெதுவாப் போங்க” என்று கும்பிட்டார். அவன் ஓடிய வேகத்தில்

உன் அத்தை தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டாள். “பாவம் அந்தப் பொண்ணு அங்க காத்துக்கினு கெடக்குது. ஒரு வரியாச்சும் நெசமா எழுதுங்களேன்” என்கிறாள்.

சரி. கைத்தடியை வீசவில்லை, கையில்தான் இருந்தது. பஸ் கிடையாது. ஓடவில்லை. அவன் வீட்டு வாசலிலிருந்து வளைவு வரை நடந்தான். நடுவில் இரண்டு தடவை நின்றான். பத்தடி பின்னால் நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் உட்காரவில்லை. குறைத்த மதில் மேல் கையை ஊன்றி இரண்டு பக்கமும் பார்த்தான்; அப்புறம் திரும்பி வீடு வரைக்கும் நடந்தான். அஞ்சலாட்சி வாசலுக்கு வந்து, “நாக்காலிய இப்படிப் போடுங்க மாமா, நீங்க உக்காருங்க” என்றாள்.

இந்தக் கடிதத்தில் இவ்வளவுதான் உண்மை.

உன் மாமா,
கண்ணையன்